வீட்டில் படிப்பிக்க ஏ.சி.இ. புத்தகங்கள்: திருகோணமலைக் கிறிஸ்தவப் பெற்றோர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், வேதத்தை அடிப்படையாக வைத்து வீட்டிலேயே படிப்பித்தால் என்ன? பெந்தெகொஸ்தே சபைகளிலும் சுயாதீன சபைகளிலும் உள்ள பெற்றோர் இதை ஜெபத்தோடும் பயத்தோடும் கேட்கிறார்கள். இணையத்தில் தேடத் தொடங்கியதும் கண்ணில் படுகிறவற்றில் ஒன்று அமெரிக்காவின் ஏ.சி.இ. (Accelerated Christian Education) பாடத்திட்டம். டொனால்ட் ஹவர்ட், எஸ்தர் ஹவர்ட் தம்பதியர் 1970இல் டெக்ஸாஸில் தொடங்கியது. ஆசிரியர் நின்று வகுப்பெடுக்காமலே பிள்ளை தானாகப் படித்து முடிக்கும்படி செய்யப்பட்டிருப்பதால், ஒரு தாயோ தகப்பனோ மட்டும் வீட்டில் நிற்கும் குடும்பத்துக்கு இது கவர்ச்சியாகத் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத்துக்கும் ஓரளவு கணிதத்துக்கும் துணைப் புத்தகமாக இது நல்லது. பள்ளிக்குப் பதிலாக இதை மட்டும் நம்புவது, திருகோணமலையில் தமிழ் பேசி வளரும் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரிவராது.

இந்தத் திட்டத்தில் தடித்த பாடநூல் கிடையாது. ‘பேஸ்’ எனப்படும் மெல்லிய புத்தகங்கள்தான். ஒரு பாடத்துக்கு ஒரு மட்டத்தில் (ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு) 12 புத்தகம். முதலாம் மட்டம் 1001 தொடங்கி 1012 வரை, இரண்டாம் மட்டம் 1013 தொடங்கி 1024 வரை என்று இலக்கம் தொடர்ந்து போகும். ஐந்தாம் மட்டத்துக்கு 1049 முதல் 1060 வரை. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகக்கல்வி, சொல்வளம் ஆகிய ஐந்தும் அடிப்படைப் பாடங்கள். அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆண்டுக்கு 60 புத்தகம். விடைப்புத்தகங்கள் தனி. பிள்ளை எழுதும் புத்தகத்தில் விடைகளை அதிலேயே எழுதுவதால் தம்பிக்கோ தங்கைக்கோ அது உதவாது. விடைப்புத்தகத்தை மட்டும்தான் திரும்பப் பாவிக்கலாம். இரண்டாவது பிள்ளைக்குச் செலவு பாதியாகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போட்டோப்பிரதி எடுத்துச் சமாளிப்பது பதிப்புரிமை மீறல். நேர்மையைப் பாடமாகச் சொல்லித் தரும் புத்தகத்தை அப்படித் திருட்டுத்தனமாகப் பாவிக்கக் கூடாது.

ஒரு புத்தகம் 30 முதல் 50 பக்கம் வரை இருக்கும். மூன்று வாரத்தில் ஒன்றை முடித்தால் 36 வாரத்தில் ஒரு மட்டம் முடியும். நாளொன்றுக்குப் பாடத்துக்கு மூன்று பக்கம், ஐந்து பாடத்துக்குப் பதினைந்து பக்கம். வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு பதினைந்து பக்கம் எழுதுவிப்பது லேசான வேலை அல்ல. காலை ஆறரைக்கே தொடங்கிவிட வேண்டும்.

நாள் நடைமுறை இறுக்கமானது. இந்தத் திட்டத்தின் பலமே அதில்தான் இருக்கிறது. காலையில் பிள்ளை தன் இலக்கு அட்டையில் ஒவ்வொரு பாடத்துக்கும் அன்று முடிக்கப்போகும் பக்க எண்களைத் தானே எழுதும். முடித்ததும் கோடு போட்டு அடிக்கும். சில பக்கங்கள் முடிந்ததும் எழும்பி, வேறு மேசையில் வைத்திருக்கும் விடைப்புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த மேசைக்குப் பென்சில் கொண்டுபோகக் கூடாது. அங்கே இருப்பது சிவப்புப் பேனை மட்டும். பிழையான விடைக்குப் பக்கத்தில் சிவப்பில் பெருக்கல் குறி. பிறகு தன் இடத்துக்கு வந்து, பாடத்தைத் திரும்ப வாசித்து, பிழையை அழித்துத் திருத்தி எழுதி, மறுபடி போய் ஒப்பிட்டு, சரியாகியிருந்தால் அந்தக் குறியைச் சுற்றி வட்டம் போட வேண்டும். புத்தகத்தின் நடுவில் இடைச் சோதனைகள் வரும், முடிவில் சுயபரீட்சை. வட்டம் போடாத சிவப்புக் குறி ஒன்றாவது இருக்கிறதா என்று பெரியவர் பார்த்துப் புத்தகத்தை வாங்கி வைக்கிறார். அடுத்த நாள் காலையில் இறுதிப் பரீட்சை. 80க்குக் குறைந்தால் புதிய பிரதி வாங்கி அதே புத்தகத்தைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இறுதிப் பரீட்சைத் தாள் புத்தகத்தின் நடுவில்தான் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் அதைக் கழற்றி எடுத்து வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் மூன்று வாரமும் பரீட்சைத்தாள் பிள்ளையின் கையிலேயே இருக்கும்.

சறுக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது விடைப்புத்தகம். பத்து வயதுப் பிள்ளை அந்த மேசைக்கும் தன் மேசைக்கும் இடையில் நாலு விடையை மனதில் தூக்கி வந்து எழுதிவிடும். சில நாளில் சிவப்புக் குறியே இல்லாத பக்கங்கள் வரத் தொடங்கும், பெற்றோர் சந்தோஷப்படுவார்கள், இறுதிப் பரீட்சையில் 60 வரும். குறியே இல்லாத பக்கம் தொடர்ந்து வந்தால் அது கெட்டித்தனத்தைவிட விடை பார்த்ததன் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விடை மேசையைச் சமைக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி வையுங்கள். மூன்று பக்கத்துக்கு ஒன்றை நீங்களே திருத்துங்கள். புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு கேள்வி வாயால் கேளுங்கள்.

இரண்டாவது, வயதைப் பார்த்து மட்டத்தைத் தெரிவது. பத்து வயது, ஆகவே ஐந்தாம் மட்டம் என்று எடுத்தால், தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்குக் கேள்வியின் அறிவுறுத்தலே விளங்காது. கணிதம் நன்றாகத் தெரிந்த பிள்ளையும் ஆங்கிலம் விளங்காமல் கணிதத்தில் தோற்கும். வாங்குமுன் ஏ.சி.இ.யின் தரமறியும் சோதனையைச் செய்விக்க வேண்டும். பாடத்துக்குப் பாடம் வேறு வேறு மட்டத்தில் தொடங்கலாம். கணிதம் நான்காம் மட்டத்திலும் ஆங்கிலம் இரண்டாம் மட்டத்திலும் வந்தால் அப்படியே எடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மூன்றாவது பெரிய குறை. கேள்விகளில் பெரும்பாலானவை இடைவெளி நிரப்புதல், பொருத்துதல், சரியானதைத் தெரிதல். பத்தியில் இருந்த சொல்லையே கோட்டில் எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். இதில் 95 எடுக்கும் பிள்ளையிடம் ‘மழை ஏன் பெய்கிறது, அரைப்பக்கம் எழுது’ என்றால் இரண்டு வரியில் நின்றுவிடலாம். எழுதிப் பழகும் வேலையை நீங்கள் தனியாகச் செய்விக்க வேண்டும். எங்கள் பரீட்சைகளின் கட்டமைப்பு வினாக்களுக்கும் கட்டுரை வினாக்களுக்கும் இந்தப் புத்தகங்கள் பிள்ளையை ஆயத்தப்படுத்தா.

கணிதத்தில் டொலரும் சதமும் அங்குலமும் இறாத்தலும் அடிக்கடி வரும். சமூகக்கல்வியில் அமெரிக்க வரலாறும் ஆட்சிமுறையும் பெரிய இடத்தைப் பிடிக்கின்றன. அதை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். புத்தகங்களில் வரும் சித்திரக் கதைகளில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் தனித்தனி ஊரில் தனித்தனிப் பள்ளியில் படிப்பதாகக் காட்டியதற்காக இந்தத் திட்டம் கடுமையாக விமர்சிக்கப்பட்டிருக்கிறது. மூவினமும் ஒரே கடைத்தெருவில் நடக்கும் எங்கள் ஊரில் அந்தப் படங்களைப் பிள்ளையின் கையில் விளக்கம் சொல்லாமல் கொடுக்க முடியாது.

விசுவாசப் பக்கத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். பாடத்துக்குள்ளேயே வேதவசனம் வருகிறது. கிறிஸ்துவின் குணங்கள் என்று 60 குணங்களை எடுத்து நடத்தைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். வசனம் மனப்பாடம் உண்டு. இவை நல்லவை, பிள்ளையின் மனதில் நிற்பவை. ஆனால் வசனங்கள் பழைய ஆங்கில நடையிலுள்ள கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் வருகின்றன. ஞாயிறு ஆராதனையில் தமிழில் கேட்கும் வசனமும் வீட்டில் மனப்பாடம் செய்த வசனமும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குத் தானாக விளங்காது. ஒவ்வொரு வசனத்தையும் தமிழ் வேதாகமத்தில் எடுத்து வாசிப்பிக்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இது புரட்டஸ்தாந்து அடிப்படைவாதப் பார்வையில் எழுதப்பட்டது. வேதாகமம் 66 நூல்கள்தான் என்ற நிலையில் நிற்பது. கத்தோலிக்கரின் 73 நூல்களுக்கும் திருவருட்சாதனங்களுக்கும் அதில் இடமில்லை.

விஞ்ஞானத்தில், பூமி சில ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்பதே பாடம், பரிணாமம் மறுக்கப்படுகிறது. அதுவே தங்கள் நம்பிக்கை என்கிற பெற்றோர் அதற்காகவே இதைத் தெரிவார்கள். அது அவர்களின் உரிமை. ஆனால் பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் எடுத்து மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் அதே வீட்டில் இருந்தால், அந்த உயர்தரப் பாடத்திட்டத்தில் பரிணாமம் ஒரு முழு அலகின் பகுதி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கருக்கு இந்தச் சிக்கலே எழத் தேவையில்லை. பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1996இலேயே சொல்லியிருக்கிறார்.

இந்தப் புத்தகங்கள் எந்தத் தேவைக்குப் பிறந்தன என்பதைப் பார்த்தால் எங்கள் ஊருக்கு ஏன் இடறுகின்றன என்று விளங்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962இல் அரச பள்ளிகளில் அதிகாரபூர்வ செபத்தையும், 1963இல் வழிபாடாக வேதம் வாசிப்பதையும் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. அரச பள்ளியில் கடவுளுக்கு இடமில்லை என்று உணர்ந்த பெற்றோர் தனிக் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் பின்னர் வீட்டுக்கல்விக்கும் திரும்பினார்கள். அவர்களின் வலி உண்மையானது. இலங்கையில் நிலைமை அதற்கு நேர்மாறு. இங்கே அரச பாடசாலையிலேயே சமயம் கட்டாயப் பாடம். சாதாரண தரத்தின் ஆறு கட்டாயப் பாடங்களில் ஒன்று. கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் (கத்தோலிக்கரல்லாத சபைகளுக்கானது) தனித்தனிப் பாடங்களாக, தமிழில், அரசு இலவசமாகக் கொடுக்கும் பாடநூலோடு இருக்கின்றன. அமெரிக்கப் பெற்றோர் பணம் கொடுத்துத் தேடுவதில் ஒரு பங்கு எங்கள் பிள்ளையின் நேரசூசியில் ஏற்கெனவே இருக்கிறது.

அதுமட்டுமல்ல. புனித சூசையப்பர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி என்று திருச்சபைகள் கட்டியெழுப்பிய பள்ளிகள் நகரத்துக்குள்ளேயே நிற்கின்றன. இவற்றில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதில் பெற்றோர் பலர் குழம்புகிறார்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடெங்கும் உதவிபெறும் பாடசாலைகளை (அரச பண உதவியோடு திருச்சபைகளும் பிற அமைப்புகளும் நடத்தியவை) அரசு பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து தங்கியிருந்து எதிர்த்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பள்ளிகளில் ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் பாடத்திட்டமும் கல்வித் திணைக்களத்தின் கையில். பெயர், காலைச் செபம், திருநாள், பழைய மாணவரின் பற்று இவை நிற்கின்றன. எல்லா ஆசிரியரும் கிறிஸ்தவர், எல்லாப் பாடத்திலும் வேதம் என்ற அர்த்தத்தில் இவை இன்று கிறிஸ்தவப் பள்ளிகள் அல்ல. இந்து, முஸ்லிம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து, தன் விசுவாசத்தை மறைக்காமல் பழகும் வாய்ப்பு கிடைக்கிறது. அதைக் குறையாகப் பார்க்காதீர்கள்.

முதலாம் தர அனுமதியில் சமயத்துக்கும் ஒரு இடம் உண்டு. பொறுப்பேற்ற காலத்தில் அந்தப் பள்ளியில் எந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்கள் என்பது கணக்கில் எடுக்கப்படும். அதற்குள்தான் அண்மையில் வசிப்போர், பழைய மாணவர், சகோதரர் போன்ற பிரிவுகள் வரும். வழமையான பங்கீட்டில் அண்மையில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்போரின் சகோதரருக்கு 15. கல்வி அமைச்சு அந்தந்த ஆண்டில் வெளியிடும் சுற்றுநிருபத்தை எடுத்து வாசியுங்கள். பிள்ளை ஜனவரி 31க்குள் ஐந்து வயதைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும். பெந்தெகொஸ்தேக் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் சமயம் இருக்காது. கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் ஞானஸ்நானச் சான்றிதழ் காட்டிவிடுவார்கள். வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில் பிள்ளையை அர்ப்பணித்திருப்பார்களே தவிரச் சான்றிதழ் இருக்காது. சபையின் கடிதத் தலைப்பில், அர்ப்பணித்த திகதியோடு, போதகரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதத்தை நேர்முகத்துக்கு முன்பே ஆயத்தப்படுத்தி வையுங்கள்.

பள்ளியில் இடம் கிடைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கிறிஸ்தவ பாடத்துக்கு யார் வருகிறார்? கத்தோலிக்க ஆசிரியர் இருந்து கிறிஸ்தவ ஆசிரியர் இல்லாவிட்டால், அந்தப் பாடவேளையில் பிள்ளை வகுப்பின் பின்வாங்கில் சும்மா இருக்க நேரும், அல்லது மற்றப் பாடநூலைப் படித்துவிட்டுப் பரீட்சையில் தடுமாறும். இந்துப் பள்ளியில் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் இதே நிலை வரலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, தரம் 6இலிருந்தே வாரத்துக்கு ஒரு அலகாக ஞாயிறு பாடசாலை ஆசிரியரிடம் படிப்பிக்கலாம். தரம் 10 வரை விட்டுவிட்டால் பிடிக்க முடியாது. வாணி விழா, திருநீறு போன்ற விடயங்களில் சங்கடப்படும் பெற்றோர், முதல் தவணையிலேயே அதிபரை மரியாதையோடு சந்தித்து எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். மன, மத சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. விழா நாளன்று வாசலில் நின்று தர்க்கம் பண்ணினால் கஷ்டப்படுவது பிள்ளைதான்.

ஏ.சி.இ.யில் தமிழ் இல்லை. அதுவே பெரிய இழப்பு. ‘நவுன்’, ‘வேர்ப்’ என்று அடிக்கோடிடத் தெரிந்த பிள்ளை, ‘கரை’ எது ‘கறை’ எது என்று தெரியாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அம்மம்மாவோடு சேர்ந்து வீட்டுச் செபத்தில் சங்கீதம் வாசிக்க முடியாத பிள்ளைக்கு எந்த விசுவாசக் கல்வியைக் கொடுத்தோம் என்று சொல்வது? முழுக்க வீட்டில் படிப்பிக்கிறவர்கள் தமிழையும் இலங்கை வரலாற்றையும் அரச பாடநூல்களிலிருந்து நாளுக்கு ஒரு மணித்தியாலம் தனியாகச் சேர்க்கத்தான் வேண்டும். அந்த நேரத்தை முன்பு சொன்ன பதினைந்து பக்கத்தோடு கூட்டிப் பாருங்கள்.

சட்டமும் பரீட்சையும் அடுத்தது. இலங்கையில் 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம். பாடசாலைக்கு வராத பிள்ளையைப் பற்றி யாராவது விசாரித்து வந்தால், நீங்கள் காட்ட வேண்டியவை: பாடத்திட்டம், தேதி போட்ட இலக்கு அட்டைகள், பரீட்சைத்தாள்கள், தமிழ்க் கொப்பிகள். தொடங்குமுன்பே வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் கோவையில் வைப்பது நல்லது. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். ஆனால் பரீட்சைக்குத் தேவையான அடையாள அட்டை விண்ணப்பத்தை அதிபர் பார்த்துக்கொள்வார் என்ற வசதி இருக்காது. 15 வயதானதும் கிராம உத்தியோகத்தர் ஊடாக நீங்களே தொடங்க வேண்டும். அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் உயர்தரத்தின் இசட் புள்ளியில்தான் (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் புள்ளி). பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 16இல் திருகோணமலையும் ஒன்று. எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்ற பதிவு இதில் முக்கியம். ஏ.சி.இ. சான்றிதழை வைத்து அந்த வரிசையில் நிற்க முடியாது. லண்டன் பரீட்சை (பிரித்தானியப் பரீட்சைச் சபைகளின் சாதாரண தர, உயர்தரப் பரீட்சை) எழுதுவிப்போம் என்பவர்கள் அந்தக் கட்டணத்தையும் பிறகு தனியார் பட்டப்படிப்புச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

முழுமையாக இதை எடுப்பதில் நியாயம் உள்ள குடும்பங்கள் உண்டு. ஓரிரு ஆண்டில் ஆங்கிலம் பேசும் நாட்டுக்குக் குடிபெயர இருப்பவர்கள், ஊழியத்துக்காக அடிக்கடி இடம் மாறுபவர்கள், நீண்ட நோயால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளை, பள்ளியில் கடுமையாக நசுக்கப்பட்டு ஒரு வருடம் ஆறுதல் தேவைப்படும் பிள்ளை. அப்போதும், ஆங்கிலம் தடையின்றி வாசிக்கும் ஒரு பெரியவர் காலை முழுவதும் வீட்டில் நிற்க வேண்டும். உலகத்திலிருந்து பிள்ளையை மறைத்து வைக்கலாம் என்பது மட்டுமே காரணமாக இருந்தால் வேண்டாம். கையில் தொலைபேசி உள்ள வீட்டில் அது நடக்காது.

மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை: பள்ளிக்கு அனுப்புங்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் இதை வாங்குங்கள். பள்ளி ஒன்றரைக்கு விடுகிறது. வாரத்தில் நாலு நாள், மாலை நாலரையிலிருந்து ஐந்தே கால் வரை, நாளுக்கு இரண்டு பக்கம். இந்த வேகத்தில் ஒரு புத்தகத்துக்கு ஆறு வாரம் பிடிக்கும். 12 புத்தகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல். ஆகவே ஒரே நேரத்தில் நாலு புத்தகமும் அவற்றுக்கான விடைப்புத்தகமும் போதும். தவணைப் பரீட்சை நாட்களில் நிறுத்தி வையுங்கள். ஞாயிறு காலையில் ரியூஷன் போடாதீர்கள். மறைக்கல்விக்கும் ஞாயிறு பாடசாலைக்கும் அந்த நேரத்தை விட்டுவைக்கும் குடும்பம், எந்த வெளிநாட்டுப் புத்தகமும் தராததைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. இரவுச் செபத்தில் ஒரு அதிகாரத்தைப் பிள்ளையே தமிழில் உரத்து வாசிக்கட்டும்.

பழைய பிரதிகள் கைமாறி வந்தால் வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். நடுவில் பரீட்சைத்தாள் எழுதப்படாமல் இருக்கிறதா? விடைப்புத்தகத்தின் இலக்கமும் பதிப்பும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா? பென்சிலால் எழுதியதை அழித்த தடம் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறதா? தெரிந்தால் அந்தப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை அந்தத் தடத்தின் மேலேயே எழுதிவிடும்.